மதிலுக்கு இந்தப் பக்கத்து ஜெபம்

மாவடிப்பள்ளியில் பேருந்து நின்றுவிட்டது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நெல் அறுக்கும் இயந்திரம் ஒன்று வயலிலிருந்து சாலைக்கு ஏறி, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் குறுக்கே நின்று உறுமிக்கொண்டிருந்தது. சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, மறு பாதியில் இந்த ராட்சதன். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப்போய் இயந்திரக்காரருக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். பயணிகளில் ஆண்கள் பாதிப்பேர் இறங்கி அவரவர் பங்குக்கு வழி சொன்னார்கள். இந்த விஷயத்தில் அம்பாறைக்கும் திருநெல்வேலிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

எனக்கு நல்ல பசி. பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துப் பிரிக்கப் போனேன். பக்கத்து இருக்கைப் பெண்ணின் உதடுகள் உலர்ந்திருந்தன, விரல்கள் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தன. ரமலான் மாதம் என்பது அப்போதுதான் உறைத்தது. பிஸ்கட்டை உள்ளே வைத்தேன்.

"சாப்பிடுங்க அக்கா. எங்களுக்காகப் பாக்காதீங்க" என்றார் அவர்.

"பரவாயில்லைம்மா. எங்களுக்கும் இப்போ லெந்து காலம். நாற்பது நாள் விரதம்தான்" என்றேன். சொன்ன தொனியில் பெருமை இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? இந்த வருடம் எங்களுக்கு லெந்து தொடங்கும் சாம்பற்புதனும் அவர்களுடைய முதல் நோன்பும் சேர்ந்தாற்போல் வந்திருந்தன. நான் லெந்து நாட்களில் இறைச்சியும் மீனும் தொடுவதை விட்டு முப்பது வருடம் ஆகிறது. அந்தப் பெண் என்னை மரியாதையோடு பார்த்தார். அவர் காரைதீவுச் சந்தியில் இறங்கியதும் பிஸ்கட் பொட்டலத்தை முடித்துவிட்டேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். என் குரல் மூன்றாவது மாடி வரை மைக் இல்லாமல் கேட்கும். போர்க்காலத்தில் இலங்கையிலிருந்து அகதியாக வந்து என் விடுதியில் தங்கிப் படித்தவள் வசந்தி. பிறகு ஊர் திரும்பி நர்ஸ் ஆனாள். இப்போது கல்முனையில் இருக்கிறாள். அவளுடைய சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் லெந்து கூட்டத்தில் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள். தலைப்பு, 'சாட்சியுள்ள வாழ்க்கை'. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தத் தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசுவேன். பெட்டியில் உடைகளுக்கு அடியில் சுவிசேஷத் துண்டுப் பிரதிகள் ஒரு கட்டு கொண்டு போயிருந்தேன். கடல் கடந்து போகிறவள் வெறுங்கையோடு போகலாமா?

வசந்தியின் வீடு, தமிழர் வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் மாறி மாறி நிற்கும் ஓர் ஒழுங்கையில், அதாவது சந்தில் இருந்தது. இருபது வருடத்துக்கு முன்பு அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. இந்தக் கடற்கரையில் தமிழரும் சரி, முஸ்லிம்களும் சரி, மகளுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குடியேற வேண்டும். வசந்தியின் கணவரும் அப்படி வந்தவர்தான். மட்டக்களப்பில் வேலை, வார இறுதியில் வருவார். இந்த வழக்கத்தைப் பாளையங்கோட்டையில் சொன்னால் மாமியார்கள் மயங்கி விழுவார்கள்.

பெட்டியைத் திறந்து என் சேலைகளை எடுத்து வைக்கும்போது வசந்தியின் கண்ணில் அந்தக் கட்டு பட்டுவிட்டது. சட்டென்று பெட்டியை மூடினாள்.

"அக்கா, இத இஞ்ச வெளிய எடுக்க வேணாம்."

"ஏன்?"

"முந்தி ஒருக்கா வெளியூர்ல இருந்து ரெண்டு பேர் வந்து, இந்த ஒழுங்கையில வீடு வீடாக் குடுத்திட்டுப் போனாங்க. அவங்க போயிட்டாங்க. நாங்கதானே இஞ்ச இருக்கிறம்? அந்த வருச நோம்புக்கு மதிலால கஞ்சி வரல்ல அக்கா. அடுத்த வருசமும் வரல்ல."

நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு ஹலீமா தினமும் சாயங்காலம் மதில் வழியாகக் கஞ்சி கொடுப்பாளாம். வசந்திக்கு அந்தக் கஞ்சி வெறும் கஞ்சி அல்ல என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"சரி, நீ உன் சாட்சியை எப்படித்தான் சொல்றே?"

"நான் ஒண்டும் சொல்றதில்ல அக்கா. இருக்கிறன், அவ்வளவுதான்."

இருப்பதெல்லாம் ஒரு சாட்சியா? என் விடுதியில் படித்த பெண் இப்படிப் பதுங்கி வாழ்கிறாளே என்று எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. அவள் தேநீர் போட எழுந்தாள். வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். அதில் வந்த 'காக்கா', முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே கூப்பிடும் பெயர்.

"ஹலீமாவோட வேதம் ஒண்டும் கதைக்க வேணாம், அதுவும் இந்த நேரத்தில. அவட புருசன் நஸீர் காக்கா ஆழ்கடலுக்குப் போய் இன்னும் வரல்ல. தலை நோம்புக்கு வந்திருவன் எண்டு போன மனிசன். வேற போட்காரர் ஒருத்தரும் காணல்லயாம். ஃபோனும் இல்ல, ஒண்டும் இல்ல. அந்த வீட்டில அடுப்பு எரியுது, ஆனா ஒருத்தரும் சாப்பிடுறதில்ல."

சாயங்காலத் தொழுகை அழைப்பான மஃரிப் பாங்குக்குச் சற்று முன்னால் மதில்மேல் ஒரு முக்காடு எழுந்தது. மூடி போட்ட கிண்ணம் ஒன்று இந்தப் பக்கம் இறங்கியது. ஹலீமாவுக்கு நாற்பது வயதிருக்கும். அழுதழுது கண்ணிமைகள் தடித்திருந்தன. ஆனாலும் விருந்தாளியைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இந்தியாவில இருந்து வந்த அக்காவா? நீங்களும் நோம்பு எண்டு மிஸ்ஸிட மகள் சொன்னா?"

நர்ஸை அங்கே மிஸ்ஸி என்பார்கள். வசந்தியின் மகள் நான் வந்து இறங்கியதும் என்னிடம் ஏதோ கேட்டாள், நானும் லெந்தைப் பற்றி ஏதோ அளந்துவிட்டிருந்தேன். "ஆமாம்மா" என்றேன்.

"பிரயாணத்திலயுமா? முஸாபிருக்கு நோம்பு கடமையில்லயே!" என்று வியந்தாள். பயணிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்கிறாள். எங்களுக்கு அதெல்லாம் கிடையாது என்பதுபோல் நான் கையை அசைத்தேன்.

கிண்ணத்தைத் திறந்தால் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் மணந்தன. அடியில் மாட்டிறைச்சித் துண்டுகள். நான் தொட முடியாது. என் பங்கையும் வசந்தியே குடித்தாள். கழுவிய கிண்ணம் மதில் வழியே திரும்பிப் போனது.

மறுநாள் வசந்திக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நான் தனியாக மருதமுனைக்குப் போய் மருமகனுக்குக் கைத்தறிச் சாரம் வாங்கலாம் என்று ஒரு ஓட்டோவில் ஏறினேன். லுங்கியைத்தான் அங்கே சாரம் என்கிறார்கள். பாதி வழியில் பாங்கு கேட்டது. ஓட்டோக்காரர் பள்ளிவாசல் ஓரமாக வண்டியை நிறுத்தினார். "கொஞ்சம் இரிங்க அக்கா, தொழுதிட்டு வாறன்" என்று சாவியைக்கூட எடுக்காமல் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. வாடகைக்கு எடுத்த வண்டியில் என்னை மூட்டை மாதிரி வைத்துவிட்டுப் போவதா? பத்து வண்டிகள் அப்படியே நின்றன. ஒன்றிலும் ஆள் இல்லை, ஒன்றும் களவு போகவும் இல்லை.

திரும்பி வந்தவர் நனைந்த கைகளை உதறியபடி கேட்டார்: "நீங்க வேதக்காரரா அக்கா?"

அங்கே கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே மதத்தைக் கேட்பது எங்கள் ஊரில் நாகரிகக் குறைவு. இங்கே அது 'எந்த ஊர்' என்று கேட்பது போலத்தான். "ஆமாம்" என்றேன்.

"உங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தின தொழுகை?"

"கணக்கு இல்லைப்பா. எப்போ வேணும்னாலும் ஜெபிக்கலாம்."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே யோசித்தார். "எப்ப வேணுமெண்டாலும் எண்டு விட்டா, வேலை கூடின நாளில விட்டுப்போகுமே அக்கா?"

முக்கால் மணி நேரப் பேச்சு தயாராக வைத்திருக்கும் நான், "தேநீர் கிடைக்குமா?" என்று பேச்சை மாற்றினேன். மருதமுனையில் தேநீர்க் கடைகள் எல்லாம் பகலில் அடைத்திருந்தன. அந்த நல்ல மனிதர் எனக்காக வண்டியைத் திருப்பி, பாண்டிருப்பில் கோயில் பக்கத்துக் கடை ஒன்றில் இறக்கிவிட்டார். நான் ப்ளேன்டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டு முடிக்கும்வரை, எச்சில்கூட விழுங்காமல் வெளியே உட்கார்ந்திருந்தார்.

சாரம் வாங்கிய கடையில் முதலாளி விலையைச் சொல்லுமுன் எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டார். ஒழுங்கையின் பெயரைச் சொன்னதும் முகம் மாறியது. "நஸீர் காக்காட போட் பத்தி ஏதும் தெரிஞ்சிதா?" கூடப் போனவர்களில் இரண்டு பேர் பெரியநீலாவணைத் தமிழ்ப் பொடியன்களாம். அவர்களுடைய வீட்டார் கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறார்கள் என்றார். கடையில் துணி புரட்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவர், "கடல் அமைதியாத்தான் கிடக்கு, கரை பக்கம் காத்தடிக்குது, வந்திருவாங்க இன்ஷா அல்லாஹ்" என்றார்.

வீடு திரும்பியதும் வசந்தி சட்டித் தயிரில் கித்துள் பாணி ஊற்றிக் கொடுத்தாள். அந்தத் தயிரைக் கத்தியால் வெட்டலாம், பாணி கருப்பட்டிப் பாகை விட ஒரு படி மேல். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். "அக்கா, ஹலீமா நினைக்கிறா நீங்க தண்ணியும் குடிக்காம இருக்கிறீங்க எண்டு" என்றாள் வசந்தி. "நினைக்கட்டுமே" என்று கிண்ணத்தை வழித்தேன்.

அன்று சாயங்காலம் கஞ்சி மதிலால் வரவில்லை. ஹலீமாவே படலையைத் திறந்துகொண்டு கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். நோன்பு திறக்க இன்னும் சில நிமிடங்களே இருந்தன. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க முஸாபிர். தூரத்தில இருந்து வந்த பிரயாணிட துஆ தட்டப்படாது எண்டு எங்கட மௌலவி சொல்லுவாரு. நோம்பாளி நோம்பு துறக்கிற நேரம் கேக்கிற துஆவும் அப்பிடித்தான். உங்கள்ட்ட ரெண்டும் இரிக்கி. நீங்க ஈஸா நபிட பேரால கேப்பீங்க எண்டு தெரியும். கேளுங்க. எண்ட புள்ளைகள்ற வாப்பா வந்து சேரணும் எண்டு கேளுங்க."

துஆ என்றால் வேண்டுதல், ஈஸா நபி என்றால் இயேசு. வாழ்நாள் முழுவதும் நான் எதிர்பார்த்த தருணம் அது. யாரோ ஒருவர் என்னிடம் வந்து, உன் ஆண்டவரிடம் எனக்காகக் கேள் என்று சொல்ல வேண்டும். வசந்தி சமையலறை வாசலில் பயந்துபோய் நின்றாள், நான் எங்கே பிரசங்கம் ஆரம்பித்துவிடுவேனோ என்று. ஆரம்பித்திருப்பேன். வாயைத் திறந்தும் விட்டேன். ஆனால் வயிறு நிறையத் தயிர் இருந்தது. ஒரு கால் உடைந்த ஸ்டூலில் ஒருத்தி நம்பி உட்கார வருகிறாள், அந்த ஸ்டூல் நான்.

"ஹலீமா, நான் நோன்பு இல்லைம்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"காலையில இடியப்பம் சாப்பிட்டேன். பாண்டிருப்புல வடை சாப்பிட்டேன். இப்போதான் தயிர் சாப்பிட்டேன். எங்க நோன்புல இறைச்சியும் மீனும்தான் கிடையாது, மத்ததெல்லாம் உண்டு. நேத்து நீ தந்த கஞ்சியைக்கூட நான் குடிக்கலை, இறைச்சி இருந்துச்சு. நீ கேட்டப்போ நான் விளக்கிச் சொல்லியிருக்கணும். பெருமைக்காக விட்டுட்டேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கோபப்படவில்லை. முகத்தில் அதுவரை பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. பாங்கு கேட்டது. வசந்தி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஹலீமா ஒரு வாய் குடித்தாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் சுபாவம் அல்ல. மதிலருகே போய்க் குரல் கொடுத்தேன். "ஹலீமா! நாளைக்கு நான் நோன்பு இருக்கேன். நீ இருக்கிற மாதிரி, தண்ணிகூட இல்லாம. நஸீருக்காகத்தான். சாயங்காலம் வா, அப்போ கேக்கறேன்!"

வசந்தி படபடத்தாள். "அக்கா, உங்களுக்குப் பிரஷர். இந்த வெயில் உங்கட ஊர் வெயில் இல்ல. நாளைக்குக் கூட்டமும் இருக்கு." பிரஷரைப் பற்றி நர்ஸோடு வாதாட முடியாது. மாத்திரையை விடியுமுன் போடுகிறேன், தலை சுற்றினால் நிறுத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து அவளைச் சமாளித்தேன்.

விடியுமுன் மதிலில் தட்டும் சத்தம். வசந்தி போய் ஒரு தட்டோடு வந்தாள். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், ஒரு வாழைப்பழம். ஹலீமா அனுப்பிய ஸஹர் சாப்பாடு, அதாவது நோன்பு தொடங்குமுன் சாப்பிடுவது. கூடவே ஒரு செய்தியும் வந்தது. "மீன் சட்டியில தொட்ட அகப்பையக்கூடப் போடல்லயாம் எண்டு சொல்லச் சொன்னா" என்றாள் வசந்தி. புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாதவள் எனக்காக அகப்பையை மாற்றியிருக்கிறாள். அந்தச் சோற்றை நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பசியை எனக்குத் தெரியும். தாகத்தை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பத்து மணிக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மத்தியானம் வசந்தியின் மகள் குழாயைத் திறந்த சத்தம் கேட்டு அவளை அடிக்கலாம் போல் இருந்தது. இத்தனை வருடம் இறைச்சியை மட்டும் விட்டுவிட்டுத் தயிரையும் பாகையும் வளைத்துக் கட்டியதை நினைத்தால் சிரிப்பும் வந்தது. அதற்காக லெந்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது என் ஆண்டவருக்கும் எனக்கும் உள்ள பழக்கம், அடுத்த வருடமும் இருப்பேன். ஆனால் அன்று தாகம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் தெரியாத ஒரு மனிதனின் ஞாபகம் வந்தது. உப்புத் தண்ணீருக்கு நடுவில் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்குமா? அந்தப் பொடியன்களுக்கு? நாள் முழுவதும் ஜெபித்தேன். கணக்கு இல்லை என்று ஓட்டோக்காரரிடம் சொன்னது அன்று ஒரு நாளாவது உண்மையாயிற்று.

கூட்டத்தில் பேச எழுந்தபோது வாயில் ஈரம் இல்லை. மூன்று தலைப்புகளாகப் பிரித்து வைத்திருந்த பேச்சில் முதலாவது பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று கேட்டால், ஹலீமாவிடம் பொய்ப் பெருமை காட்டி மாட்டிக்கொண்ட கதையைத்தான் சொன்னேன். கால் மணி நேரத்தில் உட்கார்ந்துவிட்டேன். முன்வரிசையில் ஓர் அம்மா, "வழக்கமா வாறவங்க இவ்வளவு கெதியா முடிக்கிறதில்ல. நல்லாப் பேசினீங்க" என்று பாராட்டினார். பிறகு கேக்கும் கட்லட்டும் பால் தேநீரும் வந்தன. தேநீர் மணம் மூக்கில் ஏறியபோது நான் பட்ட பாட்டை எழுத முடியாது.

சாயங்காலம் ஹலீமா வந்தாள். செய்தி ஒன்றும் இல்லை என்பதை அவள் நடையே சொன்னது. மூன்று பேரும் மதிலோரம் பாயில் உட்கார்ந்தோம். நடுவில் பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. அவள் உள்ளங்கைகளை விரித்துக்கொண்டாள். நான் கைகளைக் கோத்துக்கொண்டேன்.

"கர்த்தாவே..." என்றேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. கனைத்தேன். இருமல் பிடித்துக்கொண்டது. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி இருமல். மூன்று மாடிக்குக் கேட்கும் குரல், பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே கேட்கவில்லை. பாங்குக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நோன்பாளியின் துஆவுக்கு உரிய நேரம் அது. ஹலீமா தவிப்போடு என்னைப் பார்த்தாள்.

அப்போது வசந்தியின் குரல் கேட்டது. கண்களை மூடியிருந்தாள்.

"ஆண்டவரே, நஸீர் காக்காவக் காத்துக்கொள்ளும். அவர்ர முழங்கால் நோவு உமக்குத் தெரியும். அந்தக் காலோட அவர் போட்டில நிக்கிறாரு."

"ஆமீன்" என்றாள் ஹலீமா.

"பெரியநீலாவணைப் பிள்ளைகள் ரெண்டு பேரையும் அவங்கட தாய்மார்ட்டக் கொண்டு சேரும். மூத்தவள் ஷிபானாக்குச் சோதனை வருது. பிள்ளை புத்தகத்தத் துறக்காம கடலப் பாத்துக்கொண்டு இருக்கிறா. அவட மனசத் தேற்றும். சின்னவள் இரவில வாப்பாவத் தேடி எழும்புறாள், அவளுக்கு நித்திரை குடும். ஹலீமாட நெஞ்சு நோவ எடுத்துப்போடும். அவ ஒருத்தருக்கும் சொல்றதில்ல, நீர் அறிவீர்."

"ஆமீன். ஆமீன்."

வசந்தி திக்கவில்லை, தேடவில்லை. ஒவ்வொரு பெயரும் தானாக வந்து விழுந்தது. "இயேசுவின் நாமத்தில் கேக்கிறன் பிதாவே" என்று முடித்தாள். அந்த இடத்தில் ஹலீமா வாய் திறக்கவில்லை. ஆனால் விரித்த கைகளை மடக்கவும் இல்லை. பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தை எடுத்து முதலில் எனக்குத் தந்தாள், பிறகு வசந்திக்கு, பிறகு தான் தின்றாள். தண்ணீர் தொண்டையில் இறங்கியது. என் குரலுக்கு இனித் தேவை இருக்கவில்லை.

ஹலீமா வசந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ்ஸி, இது இண்டைக்குக் கேட்ட துஆ இல்ல."

வசந்தி தலையைக் குனிந்தாள்.

"அவர்ர முழங்கால் நோவ நான் உங்கள்ட்டச் சொன்னது எப்ப? சின்னவள் பொறக்கிறதுக்கு முந்தி. பழகின வாய் கேக்கிற மாதிரிக் கேட்டீங்க. எத்தின நாளாக் கேக்கிறீங்க?"

"ஒவ்வொரு நாளும்."

"எப்ப இருந்து?"

"இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து. விடியக்காலையில சுபஹு பாங்குக்கு நீங்க எழும்பிச் சட்டி உருட்டுவீங்க. அந்தச் சத்தத்தில நானும் எழும்பி உங்க எல்லார்ர பேரையும் சொல்லிக் கேப்பன்."

ஹலீமா அழ ஆரம்பித்தாள். அழுகையோடு கோபமும் இருந்தது. "பக்கத்தில இவ்வளவு துஆவ வச்சிக்கொண்டு, நான் எங்கயோ இருந்து வந்த ஆள்ட்டப் போய்க் கேட்டிரிக்கன். ஏன் மிஸ்ஸி சொல்லல்ல?"

"நீங்க கோவிப்பீங்க எண்டு பயந்தன். முந்தி அந்த ஆக்கள் வீடு வீடாக் கடதாசி குடுத்த நேரம்..."

"அவங்களத்தான் கோவிச்சம். அவங்களுக்கு எங்கட பேரே தெரியா."

நான் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தேன். இறைச்சி போடாத கஞ்சி. ஹலீமா கடைசியாகச் சொன்னது என்னைப் பற்றிய வார்த்தை அல்ல, ஆனாலும் என்னையும் விடவில்லை. என் பெட்டியில் இருந்த துண்டுப் பிரதிகளில் ஒன்றாவது யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியுமா? சாட்சி சொல்ல வாய் வேண்டும் என்று நான் இன்றும் நம்புகிறேன். வசந்தி இருபது வருடம் வாயை மூடி இருந்தது சரி என்றும் நான் சொல்லமாட்டேன், ஹலீமாவே அதைச் சரி என்று சொல்லவில்லையே. ஆனால் அந்த வாய்க்கு முதலில் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை நான் புறப்பட வேண்டும். பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். வசந்தி இடியப்பத்தை வாழையிலையில் கட்டிக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது. பெண்களின் கூச்சல். அது எந்த வகைக் கூச்சல் என்று எனக்குப் பிடிபடவில்லை. வசந்தியின் கையிலிருந்து நூல்கண்டு விழுந்து உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை.

"மிஸ்ஸி! மிஸ்ஸி!"

ஹலீமாவின் குரல். முக்காடுகூடச் சரியாக இல்லாமல் மதில்மேல் முகம் தெரிந்தது.

"போட் கிடைச்சிட்டு மிஸ்ஸி! எஞ்சின் பழுதாகி அடிச்சிக்கொண்டு போயிரிக்கி. வாழைச்சேனைப் போட் ஒண்டு கண்டு இழுத்துக்கொண்டு வருதாம். எல்லாரும் உசிரோட இரிக்காங்க. அந்த போட்காரர்ர ஃபோன்ல அவரோட கதைச்சன். குரலக் கேட்டன்!"

வசந்தி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன. கர்த்தர் செய்தார் என்று நான் சொல்வேன், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஹலீமா அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். பெரியநீலாவணையில் இந்நேரம் கோயில் மணி அடித்திருக்கும்.

முகம் மறைந்தது. அந்தப் பக்கம் யார் யாரோ ஓடி வருவதும், அழுவதும், சிரிப்பதும் கேட்டன. பிறகு மீண்டும் ஹலீமாவின் குரல், மதிலை ஒட்டி, சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் நடுவிலிருந்து.

"என்ன மிஸ்ஸி, சத்தத்தக் காணல்ல? மனசுக்குள்ளயா சொல்றீங்க? அது இனிச் சரிவராது. சத்தமாச் சொல்லுங்க, இஞ்சால எனக்குக் கேக்கணும்."

வசந்தி எழுந்தாள். மதிலருகே போய் நின்று, செங்கல்லில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி நன்றி சொல்ல ஆரம்பித்தாள். நஸீர் காக்காவின் பெயரைச் சொன்னாள், அந்தப் பக்கம் ஆமீன் வந்தது. பொடியன்களைச் சொன்னாள், ஆமீன் வந்தது. ஹலீமா ஒருத்தியின் ஆமீன் அல்ல, வந்திருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. நானும் ஆமென் சொன்னேன்.